ஆறு நின்ற பிறகு போய்ச் சேர்ந்த ரோசலி அக்காவுக்கு

என் ரோசலி அக்கா,

நீங்கள் போன பிறகு வரும் இரண்டாவது பனிக்காலம் இது. இங்கே ஸ்காபுரோ வோபர்னில் எங்கள் கட்டட வாசலில் பனி உருக உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்; எல்லோருடைய சப்பாத்தும் வெள்ளை. வழமைபோல என் கணவர்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். அதே ஊசி, அதே மெசின், அதே களைப்பு. புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியதும் கை நிற்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, முதல்நாள் டயலிசிஸ் பிரிவுக்கு வந்தபோது பக்கத்துக் கதிரையில் நீங்கள் இருந்தீர்கள். ஊசியைக் கண்டு நான் குழந்தை மாதிரி அழுதேன். நீங்கள் மெசினில் பூட்டாத கையை நீட்டி என் விரல்களைப் பிடித்தீர்கள். "கையைப் பாக்காதை. என்னைப் பார்" என்றீர்கள். நாங்கள் பேசியது ஆங்கிலம்தான், என்னுடையது உடைந்த ஆங்கிலம். ஆனால் இப்போது நினைவில் வருகிறபோது நீங்கள் எங்கள் தமிழிலேயே பேசுகிறீர்கள்.

நான் உங்களைப் பிலிப்பைன்ஸ்காரி என்று நினைத்தேன். நீங்கள் டானே-ஸா என்றீர்கள். கனடாவின் மற்றக் கரைப் பக்கம், மலைகளுக்குக் கிழக்கே, பீஸ் ஆற்றங்கரையில் காலங்காலமாக வேட்டையாடி வாழ்ந்த சனம். உண்மையான மனிதர் என்று அந்தப் பெயருக்கு அர்த்தமாம். "அப்ப நாங்கள் ஆர், பொய்யான ஆக்களோ?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் குழாய் அசைந்து மெசின் கத்தத் தொடங்கியது. நேர்ஸ் ஓடி வந்தா. அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அக்கா.

உங்களுக்கு நாலு வயதாக இருந்தபோது, ஆற்றங்கரைச் சமவெளியில் உங்கள் அம்மா மூஸ் மான் இறைச்சியைப் புகையில் காயப் போட்டுக்கொண்டிருந்தாவாம். அரசாங்க வாகனம் ஒன்று வந்தது. இறங்கியவர்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளையை வளர்க்க அம்மாவுக்கு வசதி போதாது என்பது அவர்கள் சொன்ன காரணம். உங்களைப் போல எத்தனையோ பிள்ளைகளை அந்தக் காலத்தில் அப்படித்தான் அள்ளினார்கள். நாட்டின் இந்தக் கரையில், ஒஷாவாவில், ஒரு வெள்ளைக் குடும்பம் உங்களுக்கு லிண்டா என்று பெயர் வைத்து வளர்த்தது. "கெட்ட சனம் இல்லை" என்று சொல்வீர்கள். "ஆனா ஒருநாளும் என்ர முகம் மாதிரி ஒரு முகத்தை நான் அந்த வீட்டிலை காணேல்லை."

முப்பது வயதுக்குப் பிறகுதான் அம்மாவைக் கண்டுபிடித்தீர்கள். அவவுக்கு டானே-ஸா மொழி, உங்களுக்கு ஆங்கிலம். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லை. உங்கள் தங்கை மடலின் இடையில் நின்று மொழிபெயர்த்தா. அப்போதுதான் ரோசலி என்பது உங்கள் ஞானஸ்நானப் பெயர் என்று தெரிந்தது. அம்மா உங்களை அந்தச் சமவெளிக்குக் கூட்டிப் போய், ஓரிடத்தில் காலால் ஓங்கி மிதித்துக் காட்டினாவாம். இங்கிருந்துதான் கொண்டு போனார்கள் என்று.

"உலகத்திலை அந்த ஒரு இடத்திலைதான் நான் மகளாய் இருந்தனான்" என்று ஒருநாள் சொன்னீர்கள்.

மெசினோடு கிடந்த மணித்தியாலங்களில் உங்கள் சனத்தின் கதையை எனக்குச் சொன்னீர்கள். மடலினிடம் கேட்டு நீங்களே பிந்திப் படித்த கதை. உங்களிடையே கனவு காண்பவர்கள் இருந்தார்கள். தூக்கத்தில் வானுலகம் வரை போய், திரும்பி வரும்போது பாட்டுக் கொண்டு வருவார்களாம். அந்தப் பாட்டுக்கு மேளம் தட்டி, நெருப்பைச் சுற்றிச் சூரியன் போகும் திசையிலேயே எல்லோரும் ஆடுவார்களாம். மகிழ்ச்சி குடியிருக்கும் இடம் என்று பெயர் வைத்த ஒரு நிலம் உங்களுக்கு இருந்தது. கோடையில் எல்லாக் குடும்பங்களும் அங்கேதான் கூடும். உலக யுத்தம் முடிந்து வந்த படைவீரர்களுக்குக் கொடுக்க என்று அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. பிறகு அந்த மண்ணுக்கடியில் எண்ணெய் வந்தது. உங்கள் சனம் டோயிக், புளூபெரி, ஹாஃப்வே என்று வேறு வேறு ஆற்றோரங்களுக்குச் சிதறிப் போனது.

அரசாங்கம் உங்கள் சனத்தோடு ஒப்பந்தம் எழுதியபோது, சூரியன் உள்ளவரை, ஆறு ஓடும்வரை உங்கள் வாழ்க்கையில் கைவைக்க மாட்டோம் என்று சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டு நீங்கள் கசப்பாகச் சிரித்தீர்கள். "அதாலைதான் ஆத்தை நிப்பாட்டினவங்கள்." பீஸ் ஆற்றில் ஏற்கனவே இரண்டு அணைகள் இருந்தன. மூன்றாவதையும் கட்டினார்கள். உங்கள் சனத்தில் பலர் வழக்காடினார்கள், வழிமறித்து நின்றார்கள். அணை எழும்பிக்கொண்டேயிருந்தது.

அந்த நாட்களில்தான் ஒருநாள் என் ஊரைப் பற்றிக் கேட்டீர்கள். மயிலிட்டியில் எங்கள் வீட்டை இராணுவம் எடுத்து முகாமாக்கியதையும், கனகாலத்துக்குப் பிறகு காணியைத் திருப்பி விட்டதையும் சொன்னேன். நான் போய்ப் பார்த்தபோது வீடு இல்லை, கிணறு தூர்ந்திருந்தது.

"ஆனா நீ போய் நிண்டாய்."

"ஓம். நிண்டனான்."

"மண் இருந்தது."

"மண் இருந்தது, அக்கா."

நீங்கள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள்.

கோடை முடிகிற நேரம் அணையை மூடித் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். மடலின் போனில் படம் அனுப்பத் தொடங்கினா. முதலில் மணல்திட்டுகள் போயின, பிறகு பற்றைகள். மரங்களை முன்பே வெட்டி விட்டார்கள். உங்கள் சமவெளி அணையிலிருந்து மேலே தள்ளி இருந்ததால் அங்கே இன்னும் தண்ணீர் வரவில்லை. டொக்டரிடம் கேட்டீர்கள். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஒரு டயலிசிஸ் இடம் பிடிக்கலாம், ஆனால் அதற்குக் காலம் எடுக்கும் என்றார். தண்ணீர் காத்திருக்குமா?

"நான் மெசினை விடப் போறன், ஜெயா" என்றீர்கள்.

"உங்களுக்கு விசரே? விட்டால் ஒண்டு ரெண்டு கிழமை கூடத் தாங்காது எண்டு டொக்டர் சொல்லேல்லையே?"

"சொன்னவர். எனக்கு அது காணும். ஒருக்கா அந்த மண்ணிலை நிக்கவேணும்."

நான் கெஞ்சினேன். ஏசினேன். செபமாலையை எடுத்து உங்கள் கையில் வைத்து, "மாதா மேலை ஆணை, போகாதேங்கோ" என்றேன். நீங்கள் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டீர்கள். போகும்போது அதையும் கொண்டு போனீர்கள்.

பியர்சன் விமான நிலையத்துக்கு அவரும் நானும்தான் உங்களைக் கொண்டுபோய் விட்டோம். சக்கர நாற்காலியில் இருந்தீர்கள். முகம் ஏற்கனவே ஊதத் தொடங்கியிருந்தது. ஆனாலும் கல்யாண வீட்டுக்குப் போகிறவ மாதிரிப் புதுச் சிவப்புச் சால்வை. "போன் எடுக்கிறன்" என்று சொல்லிப் போனீர்கள்.

போன் எடுத்தது மடலின்தான். உங்களை விமானத்தில் இருந்து இறக்கி நேரே ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனாவாம். அவ நினைத்ததைவிடத் தண்ணீர் வேகமாக ஏறிவிட்டது. மேட்டில் ட்ரக்கை நிறுத்தியபோது கீழே ஆறு இல்லை. அசையாத பழுப்புத் தண்ணீர், அதன் மேல் மிதக்கும் கட்டைகள். நீங்கள் எந்த இடம் என்று கேட்டீர்களாம். மடலின் கையை நீட்டி, தண்ணீரின் நடுவில் எங்கேயோ காட்டினாவாம். அவவுக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பார்த்து அடையாளம் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

நீங்கள் கதவைத் திறக்கவில்லை. இறங்கவில்லை. அழவும் இல்லையாம்.

அக்கா, அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு மடலினைக் கூப்பிட்டு, "எனக்கு மெசின் வேணும்" என்றீர்களாம். "நான் சாக வரேல்லை. நிக்கத்தான் வந்தனான். நிக்க ஏலாட்டி ஏன் சாகவேணும்?" அவ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா. அங்கே பார்த்துவிட்டு, இருதயம் இனித் தாங்காது என்றார்கள். மெசினில் போட்டால் அதிலேயே நின்றுவிடும் என்றார்கள். நீங்கள் நம்பவில்லை. "ஜெயாவிட்டைச் சொல்லு, என்ர கதிரையை வேறை ஆருக்கும் குடுக்க விடவேண்டாம் எண்டு. நான் வாறன்."

மடலின் இதை எனக்குச் சொன்னபோது நீங்கள் இறந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. நான் அடுத்த நாள் போய் நேர்ஸிடம் சொன்னேன். அவ என் தோளைத் தடவினா. உங்கள் கதிரையில் அப்போது ஒரு தமிழ் ஐயா படுத்திருந்தார். அவர் என்ன பிழை செய்தார்? ஆனாலும் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

உங்களை அடக்கம் செய்தபோது ஆண்கள் மேளம் தட்டிக் கனவுப் பாட்டுகளைப் பாடினார்களாம். போகிறவர்களுக்கு வழி காட்டும் பாட்டு என்றா மடலின். நீங்கள் பிறந்து நாலு வயதுவரை கேட்ட பாட்டு. அது உங்களுக்கு விளங்கியிருக்குமா? வழி தெரிந்திருக்குமா? நான் ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலில் இருந்து இதைத்தான் கேட்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

உங்களுக்காக இங்கே ஒரு பூசை ஒப்புக்கொடுத்தோம். முடிந்து வந்தபோது என் மகள் டிலானி சொன்னாள்: "அம்மா, அற் லீஸ்ற் அவ தன்ர இடத்துக்குப் போய்ட்டா தானே. பீஸ்ஃபுல்லா." நல்ல மனசோடுதான் சொன்னாள். பூசை வைத்த சுவாமியும் அதையேதான் சொன்னார். எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்கள்.

நான் அப்படிச் சொல்ல மாட்டேன், அக்கா. அது மட்டும்தான் இனி என்னால் உங்களுக்குச் செய்ய முடிந்தது. யார் கேட்டாலும் நடந்ததை நடந்தபடி சொல்வேன். ரோசலி ஒரு டானே-ஸா பெண். தாயிடமிருந்து பறித்துக்கொண்டு போனார்கள். தாயின் மண்ணைத் தேடித் திரும்பிப் போனா, மண்ணைத் தண்ணீர் மூடியிருந்தது. அவ நிம்மதியாகப் போகவில்லை. அவவுக்கு வாழ விருப்பம் இருந்தது. என் மூச்சு உள்ளவரை இதில் ஒரு சொல்லைக் குறைக்க மாட்டேன். கேட்கிறவர்களின் ஆறுதலுக்காக ஒரு சொல்லைக் கூட்டவும் மாட்டேன்.

ஸ்காபுரோவில் இருந்து,
உங்கள் தங்கச்சி
ஜெயராணி