ஒரு பல்லா, இரண்டு பல்லா

என் வாணி அக்காவுக்கு,

போர்வைக்குள் அம்மாவின் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமும்போதெல்லாம் அணைத்துவிடுகிறேன். உன் சிப்பி டப்பா என் மடியில் இருக்கிறது. பரண் மேல் பழைய கம்பளிக்குப் பின்னால் அப்பா ஒளித்து வைத்திருந்தார். ஓடுகள் உரசிச் சத்தம் போடாமல் இருக்க உன் ஸ்வெட்டரில் சுற்றி எடுத்து வந்தேன்.

இங்கே மலையில், கட்டபெட்டில் மழை பிடித்துக்கொண்டது. நீ நட்ட ஹைட்ரேஞ்சியாவை ஒரு காட்டெருமை மிதித்துப் போட்டது. அப்பா தேயிலை ஃபேக்டரிக்குக் கிளம்பும் முன் அதற்குக் குச்சி நட்டுக் கட்டிவிட்டுப் போகிறார். உன் பெயரை மட்டும் சொல்வதில்லை.

பத்தாவது பாஸாகிவிட்டேன் அக்கா. நாளை என்னைப் பதினொன்றில் சேர்க்க அப்பா பள்ளிக்கூடம் வருகிறார். எனக்கு உயிரியல் படிக்க ஆசை. அவர் காமர்ஸ் என்று முடிவு செய்துவிட்டார். சாப்பிடும்போது அம்மாதான் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு என்ன புடிக்குதுன்னு ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"மூத்தவளைக் கேட்டனே. கேட்டுத்தானே கடல் படிப்புக்கு அனுப்பி வெச்சேன்?"

"அதுக்கு இவ என்னங்க பண்ணுவா?"

"இவளும் அவதான். அதே மூஞ்சி, அதே புடிவாதம். இன்னொருக்கா குளச்சலுக்கு ஓட என்னால முடியாது."

குளச்சல் பாறையில் நீ சிப்பி எடுக்கப் போனதையும் அலை உன்னைக் கொண்டுபோனதையும் பற்றி இந்த வீட்டில் இவ்வளவு பேசியதே இன்றுதான்.

அப்பா மட்டுமா? பஸ்ஸில், மளிகைக் கடையில், எல்லாரும் என்னை "வாணி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சில நாள் அப்படித்தான் இருக்கிறது.

நினைவிருக்கிறதா, பொங்கல் லீவுக்கு வந்தவள் இந்த ஓடுகளைக் கட்டிலில் கொட்டி, "பச்சைச் சிப்பி, பழுப்புச் சிப்பி, ரெண்டையும் தனித்தனியாப் பிரிடி" என்றாய். நான் பச்சையை ஒரு பக்கமும் பழுப்பை ஒரு பக்கமும் மளமளவென்று வைத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"துணிக்கடையில சேலையாடி பிரிக்கிற? வயசான பச்சைச் சிப்பி பழுப்பாவும் இருக்கும். கலரை நம்பாதே."

"அப்புறம் எதை நம்பறது?"

"விரலை நம்பு. இடது ஓட்டைத் திருப்பி, கூரா இருக்கற மூக்குப் பக்கம் உள்ளே தடவு, பல்லு மாதிரி மேடு தட்டுப்படும். பச்சைச் சிப்பின்னா பொடிசா ரெண்டு பல்லு. பழுப்புன்னா பெருசா ஒரே பல்லு. நானும் முதல் நாள் காலேஜ்ல சேலைதான் பிரிச்சேன், யார்கிட்டயும் சொல்லிடாதே."

இப்போது ஒரே அளவில், ஒரே பழுப்பு நிறத்தில் இரண்டு இடது ஓடுகளை எடுத்தேன். போனை அணைத்துவிட்டு இருட்டில் தடவிப் பார்த்தேன். ஒன்றில் அடிப்பக்க ஓரம் நேராக ஓடுகிறது, உள்ளே ஒரு பல். இன்னொன்றில் ஓரம் உள்வாங்கி வளைகிறது, மூக்கு கீழே சாய்ந்திருக்கிறது, உள்ளே இரண்டு பல். ஒரே டப்பாவில் கிடந்தாலும் இரண்டும் வேறு வேறு.

அதே மூஞ்சி என்று சொல்லும் அப்பாவும் நிறத்தைப் பார்த்துத்தான் பிரிக்கிறார் என்று தோன்றியது. அப்படியானால் எனக்குள் இருக்கும் பல் எது? உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் என்ன இருக்கிறது?

ரொம்ப நேரம் யோசித்தேன். ஒன்றுதான் கிடைத்தது. பயம்.

ஒரே ஒரு தடவை என்னைக் குளச்சலுக்குக் கூட்டிப்போனாயே, அன்று நான் மணலைத் தாண்டவில்லை. "வந்துரு அக்கா, வந்துரு" என்று கத்திக்கொண்டே இருந்தேன். நீ பாறை நுனியில் நின்று, "பயந்தாங்கொள்ளி! அங்கயே நின்னு என் செருப்புக்குக் காவல் இரு" என்று சிரித்தாய். கோபமாக வந்தது. ஆனாலும் செருப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பார்க்கவில்லை. நீ சிப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை அக்கா. ஆனால் நீயும் கொஞ்சம் பயந்திருக்கக் கூடாதா? கடைசி நாளில் "வந்துரு" என்று கத்த யாராவது கரையில் இருந்தார்களா?

காலையில் அப்பா டீ குடிக்கும்போது இந்த இரண்டு ஓடுகளையும் அவர் உள்ளங்கையில் வைக்கப் போகிறேன். "கலரைப் பார்க்காதீங்கப்பா, விரலை வெச்சுப் பாருங்க" என்பேன். திட்டுவாரோ, டப்பாவைத் தேயிலைத் தோட்டத்துக்குள் வீசிவிடுவாரோ, தெரியவில்லை. பேசும்போது என் குரல் நடுங்கும். நடுங்கட்டும். அவர் கேட்க வேண்டியதே அந்த நடுக்கத்தைத்தான். உன் குரல் ஒரு நாளும் நடுங்கியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அவர் சம்மதித்து, என்றைக்காவது அந்தப் பாறைக்கு நானும் போகும்படி ஆனால், முதலில் அலையைப் பார்ப்பேன், அப்புறம்தான் சிப்பியை. தண்ணீர் ஏறும் முன் கரைக்கு வந்துவிடுவேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. அப்பாவுக்கும் இதையேதான் கொடுக்கப் போகிறேன்.

இன்னும் உன் செருப்புக்குக் காவல் இருக்கும்
உன் பயந்தாங்கொள்ளித் தங்கச்சி