காசிராஜன் சூரணமும் ஆப்பிரிக்காக் காய்ச்சலும்

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு, கோவில்பட்டியிலிருந்து உன் சித்தப்பா காசிராஜன் எழுதுவது. உன் அம்மா முழங்கால் வலியைத் தவிர நலம், நாங்களும் நலம், நீ உகாண்டாவில் உடம்பு சுடாமல் இருக்கிறாயா என்பதுதான் இப்போது எனக்கு ஒரே கேள்வி. ஆப்பிரிக்காவில் கொசு மனுசனைச் சும்மா விடாது என்று நீ விமானம் ஏறுமுன்பே சொன்னேனா இல்லையா? சொன்னபடியே நடந்துவிட்டது, ஆனால் நடந்தது பசுவந்தனை கருப்பசாமிக்கு. எழுத்து கோணினால் அவசரத்தில் எழுதுவதுதான் காரணம், மற்றபடி எட்டாம் வகுப்போடு நின்றாலும் என் கையெழுத்தைப் பார்த்து தாலுகா ஆபீசே அசந்தது உனக்குத் தெரியும்.

கருப்பசாமி நம் தீப்பெட்டி ஆபீஸில் மிஷின் மாட்டுகிறவன். தான்சானியாவில் ஒரு கம்பெனிக்கு மிஷின் மாட்டிக் கொடுக்கப் போனான், உனக்கு இடித்துத் தந்த அதே வேப்பங்கொழுந்து மிளகு கருப்பட்டிச் சூரணத்தில் அவனுக்கும் ஒரு டப்பா கொடுத்து அனுப்பினேன். கோயில் கொடைத் திருவிழா பார்க்க ஊர் வந்தான், வந்த இரண்டாம் வாரம் காய்ச்சல், நடுக்கமென்றால் சாதாரண நடுக்கமா, கட்டில் அறையை விட்டே நடந்து வந்துவிடும் போலிருந்தது. கொடை நேரத்துக் காய்ச்சல் என்றால் அம்மைதான் என்று அவன் பெண்டாட்டி சங்கரம்மாள் வாசலில் வேப்பிலை சொருகிவிட்டாள். உடம்பில் ஒரு முத்துகூட இல்லையே என்று யாரோ கேட்க, பார்க்கப் போன நான்தான், ஏலே, முத்து உள்ளுக்குள்ள போட்டிருக்கு, ஆஸ்பத்திரிப் பக்கம் போனா ஆத்தா கோவிச்சுக்கிடுவா, இளநீரைக் குடுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காய்ச்சல் விட்டது. பாத்தியளா, அண்ணாச்சி சொன்னாப்புல ஆத்தா இறங்கிட்டா என்றார்கள், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்கு மறுநாள் அவனுக்கு நினைவே இல்லை.

ஆம்புலன்ஸில் போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டு ஓடினோம். அங்கே ஒரு டாக்டரம்மா, இவிய வெளிநாடு எங்கயும் போனாவளா என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வி எங்கள் ஒருவர் மண்டையிலும் உதிக்கவில்லையே மகளே! ரத்தம் பார்த்தார்கள், மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது, இன்னும் ஒரு நாள் வேப்பிலைக்குள்ள வச்சிருந்தா தூக்கிட்டுத்தான் போயிருப்பிய என்றார். தடுப்பு மாத்திரை சாப்பிட்டாரா என்றதற்கு சங்கரம்மாள் என் பக்கம் கையை நீட்டி, இந்தா நிக்காவல்லா அண்ணாச்சி, இவிய குடுத்த பொடியத்தான் தின்னாவ, மாத்திரை அட்டையப் பிரிக்கவே இல்ல என்றாள். வார்டே திரும்பிப் பார்த்தது. நான்கு பேர் நடுவில் பேச்சுக்குத் திணறாத நான் டீ வாங்கும் சாக்கில் வெளியே நழுவினேன். நேற்றுத்தான் கண் விழித்துக் கஞ்சி குடித்தான்.

மாத்திரை தின்னா குமட்டுது சித்தப்பா, உங்க பொடியே போதும் என்று நீ போனில் சொன்னது அப்போதிருந்து என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. ஏட்டி, இதைப் பார்த்தவுடன் அங்கே உள்ள டாக்டரிடம் போ, மாத்திரையை விட்டதை மறைக்காதே, குமட்டினால் வேறு மாத்திரை இருக்கிறதாம். போகுமுன் தொடங்கி, அங்கே இருக்கும் மட்டும், ஊர் திரும்பியும் அவர்கள் நிறுத்தச் சொல்கிற வரை தின்ன வேண்டுமாம். வந்து இறங்கியதும் நம் கரிசல் காட்டில் கொசு ஏது என்று நிறுத்திவிடாதே, அங்கே கடித்தது உடம்புக்குள் ஒளிந்திருந்து பிறகு கிளம்புமாம். வலையை மெத்தைக்கடியில் சொருகிப் படு, பொழுது சாய்ந்தால் முழுக்கைச் சட்டை, திறந்த இடத்தில் கொசு மருந்து தேய். காய்ச்சல் கண்டால் அன்றைக்கே ரத்தம் பார், அது இங்கே வந்த பிறகானாலும், யாரும் வேப்பிலையை எடுக்குமுன் உகாண்டாவிலிருந்து வந்தேன் என்று வாய் திறந்து சொல். அந்த யாரும் நானாகவே இருந்தாலும் கேட்காதே.

செண்பகவல்லித் தாய் உன்னை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும், நூறு வயது இரு. உன் அம்மா பக்கத்தில் இருப்பதால் போனில் சொல்ல வாய் வரவில்லை, எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். வாலிபத்தில் தீப்பெட்டிக் கப்பலோடு ஆப்பிரிக்காவில் மொம்பாசா போய் ஆறு மாதம் இருந்தேன், ஊரே காய்ச்சலில் விழுந்தபோது இந்தப் பொடி ஒன்றுதான் என்னைக் காத்தது என்று உனக்கும் கருப்பசாமிக்கும் சொன்னேன் அல்லவா? நான் லாரியில் தூத்துக்குடித் துறைமுக வாசல் வரைதான் போனேன். உள்ளேகூட விடவில்லை. மாத்திரையைத் தின்னு மகளே.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன் உன் சித்தப்பா
காசிராஜன்