கேட்காமல் வேண்டிக்கொண்டது

பெர்மாஸ் ஜெயா,
ஜனவரி 6.

அன்பு மகன் யுகேந்திரனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே யாவரும் சுகம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. உன் தங்கை ஷர்மினி விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூர் வேலைக்குப் போய் வருகிறாள். எனக்குத்தான் ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு கேட் பூட்டைப் பார்க்கப் போகிறேன். பார்த்துவிட்டு வந்து மறுபடியும் அரிசி களைகிறேன். வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் வரும், பதில் வராது. போன தைப்பூசத்திலிருந்து அப்படித்தானே. அதனால் ரசப்பொடி பார்சலுக்குள் இதை வைக்கிறேன். பொடிக்காகவாவது பிரித்துத்தானே ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். ஓஸ்லோவில் உன் குழு எழுதுகிற அறிக்கையை ஷர்மினி இன்டர்நெட்டில் படித்து எனக்குத் தமிழில் சொன்னாள். மனித குலம் முழுவதற்கும் முந்நூறு வருஷத்துக்கு ஒரே இலக்கு வேண்டுமாம். கடலையும் காற்றையும் சுத்தமாக்கி, ஒரு பிள்ளையும் பசியில் சாகாத உலகத்தைச் செய்து முடிக்கவேண்டுமாம். இன்று நாடுகள் உறுதி எடுத்தால், இனிமேல் பிறக்கப்போகிறவர்கள் அதைச் சுமந்து போவார்கள் என்று நீ எழுதியிருக்கிறாய். கேட்டுப் பெருமையில் அழுதேன். அழுது முடிப்பதற்குள் கோபமும் வந்துவிட்டது.

ஒன்பது மாதக் குழந்தையில் வலிப்பு வந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாய். பிழைத்தால் என் பிள்ளை இருபத்தைந்து வயதிலிருந்து மூன்று வருஷம் காவடி எடுப்பான் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இப்போது உனக்கு முப்பத்து நாலு. ஒன்றுகூட எடுக்கவில்லை. போன வருஷம் போனில் நச்சரித்தேன். "என்னைக் கேட்டா வேண்டிக்கிட்டீங்க? நீங்க வேண்டினதை நான் ஏன் தூக்கணும்?" என்று கத்திவிட்டு வைத்தாய். அதன் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை.

அப்படியானால் இந்த முந்நூறு வருஷக் காவடியை யாரைக் கேட்டு வேண்டினாய், ராஜா? பிறக்காத பிள்ளையைக் கேட்டாயா? தாயைப் போல பிள்ளை என்று சும்மாவா சொன்னார்கள்!

இலக்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இருபத்தாறு வருஷம் பேக்டரி லைனில் உட்கார்ந்தவள் நான். போர்டில் டார்கெட் எழுதாத நாளில் ஊர்க்கதை பேசியே பொழுதை ஓட்டியிருக்கிறோம். எழுதிய நாளில், எழுதியவரைத் திட்டியிருக்கிறோம். அவர் ஒருநாளும் லைனில் உட்கார்ந்ததில்லை. அந்த வேண்டுதல் இல்லாவிட்டால் அந்தப் பதினொரு நாளை நான் தாண்டியிருக்கமாட்டேன், அதுவும் உண்மை. ஆனால் நான் பிடித்துக்கொள்ள வைத்திருந்ததை உன் தலையில் ஏற்றிவிட்டேன். இது மண்டையில் ஏற எனக்கு உன் அறிக்கை வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் குருக்களைக் கேட்டேன். "வேண்டினது நீங்கதானேம்மா? நீங்களே பால்குடம் எடுத்து முடிச்சிடுங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். எவ்வளவு சுலபம், பார். இதற்காகவா ஒன்பது வருஷம் உன்னை வாட்டினேன்? உடனே இந்தத் தைப்பூசத்துக்கே பேர் கொடுத்துவிட்டேன். விரதமும் தொடங்கியாயிற்று. "ஐயோ அலமாக், இந்த முட்டிவலிக் கால வச்சுக்கிட்டு எப்படிம்மா நடப்பீங்க?" என்று ஷர்மினி தலையில் கை வைக்கிறாள். முட்டிக்கு உறை வாங்கி வைத்திருக்கிறேன். வலித்தால் உட்கார்ந்து எழுந்து நடப்பேன்.

உன் அறிக்கையில் ஒரு வரி சேர்க்க முடியுமானால் சேர். பின்னால் வருகிறவர்கள் வேண்டாம் என்றால் இறக்கி வைக்கலாம், யாரும் அவர்களைத் திட்டக்கூடாது என்று. அப்புறம் யார் தூக்குவார்கள் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. அதை யோசித்துக்கொண்டேதான் கேட் பூட்டைப் பார்க்கப் போகிறேன்.

ஒன்றுதான் பயமாக இருக்கிறது. உன்னை வீட்டுக்குக் கூப்பிட என் கையில் இருந்தது அந்த வேண்டுதல் மட்டும்தான். அதையும் அவிழ்த்துவிட்டேன். பையனை விட்டுவிடு என்று முருகனிடம் சொல்லியாயிற்று. எங்கிருந்தாலும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. இனி நீ இங்கே வந்து செய்யவேண்டியது எதுவும் இல்லை.

சும்மா ஒருமுறை வா, ஐயா.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
சந்திரமதி