பயிற்சிப் பொம்மைக்குள் வைத்த குரல்

ராத்தா,

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பாலாவியில் கற்பிட்டி பஸ் ஏறினேன். பக்கத்துச் சீட்டில் ஐம்பது வயது மதிக்கக்கூடிய ஒருவர், காலடியில் வெங்காய விதைப் பை. போனைக் குறுக்காகப் பிடித்து இரண்டு பெருவிரலாலும் ஒரு கேமில் எதையோ சுட்டுக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஒரு வெடிச் சத்தம். அடுத்து, "ஐயோ உம்மா, உசிர் போச்சு" என்று நீங்கள் கத்தினீர்கள்.

நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் எட்டு மாதம்.

அவர் மறுபடியும் சுட்டார். நீங்கள் மறுபடியும் கத்தினீர்கள், இந்த முறை கொஞ்சம் கீச்சுக் குரலில். மனிதருக்கு ஒரே சந்தோஷம். போனை என் பக்கம் சரித்தார்.

"பாருங்க தம்பி, இந்தப் பொம்ம நம்மட கதை கதைக்கிது. நான் வெளிநாட்டுக் கேம் எண்டெலவா நெனச்ச."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு என்ன தெரியும்? அடுத்த தரிப்பில் இறங்கி, றோட்டோரம் நின்றபடியே என் போனிலும் கேமை இறக்கினேன். பயிற்சிக் களத்துக்குப் போய் அந்தப் பொம்மையை ஒரே ஒரு தரம் சுட்டேன். நீங்கள்தான். அந்தச் சத்தத்தை எடுத்துவிட்டோம் என்று, கேம் செய்யும் எங்கள் கம்பனி உங்களுக்கு எழுத்தில் தந்திருந்தது. எடுக்கவில்லை. கேம் வெளியே வந்து, ஊர் ஊராகப் போய், வெங்காயத் தோட்டக்காரர் கையிலும் வந்துவிட்டது. கேமைச் செய்தவர்களின் பெயர் ஓடும் பட்டியலையும் பார்த்தேன். என் பெயர் இருக்கிறது. ஒபிஸுக்கு மேசை கதிரை வாங்கித் தந்தவர் பெயர்கூட இருக்கிறது. உங்கள் பெயர் இல்லை. வெளியீட்டுக்கு முன் விலகியவர் பெயரைப் போடுவதில்லை என்பது எங்கள் கம்பனி வழக்கம். அந்தக் கேமில் உள்ள கோட்டைச் சுவர், வள்ளங்கள், பனைகள் எல்லாம் நீங்கள் செய்தவை. உங்கள் பெயரை எடுத்துவிட்டு உங்கள் அலறலை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் டெங்குவில் போனீர்கள். மனம் உடைந்து போனதாக ஒபிஸில் சிலர் உருக்கமாகக் கதைத்தார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை பேசாதவர்கள். உங்கள் மனம் உடையவில்லை. உங்களுக்கு இருந்தது கோபம். அதற்குக் காரணமும் இருந்தது.

மூன்று வருடம் பக்கத்து மேசையில் இருந்து புரோகிராம் எழுதினேன்; வயதில் மூத்தவர் என்று உங்களை ராத்தா என்றேன். "உன்ட கோட் உன்னப் போலதான், ஸலாம் சொல்லாம உள்ளுக்கு வரும்" என்று என்னைச் சீண்டுவீர்கள். தென்னையைக் கொஞ்சம் மாற்றிப் பனை என்று போடச் சொன்னபோது மாட்டேன் என்றீர்கள். இங்கே உள்ளவன் பார்த்துச் சிரிப்பான் என்று சொல்லி, ஒரு கிழமை மினக்கெட்டு ஓலை ஓலையாகச் செய்தீர்கள். அந்த ஒரு கிழமைக்காக லீட் உங்களை எத்தனை மாதம் நக்கலடித்தான்! எங்கள் குழுவின் தலைவன் அவன். உங்களை டீச்சரம்மா என்பான். கலியாணம் முடியாத கோபத்தை மரத்தில் காட்டுகிறா என்பான். பெண் பாத்திரத்தின் உடம்பளவு சரியா என்று பார்க்க வேண்டும், எழும்பி நில்லுங்கள் என்று பதினைந்து பேர் முன்னால் உங்களிடம் சொன்னான். நீங்கள் எழும்பவில்லை. திரையிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று வெகுநாள் என்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காமல் இருந்தது ஒரு பெரிய வேலையா?

உங்கள் மேசைக்கடி பிளக்கில் கறண்ட் கசிகிறது என்று நீங்கள் மூன்று தரம் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பகல் அது உங்களை அடித்தது. நீங்கள் அலறியபோது லீட் மெயின் சுவிச்சுக்கு ஓடவில்லை, போனைத் தூக்கிப் பதிவு செய்தான். வலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாள் இடது கையால் வேலை செய்தீர்கள்.

மூன்றாம் நாள் எனக்கு டிக்கெட் வந்தது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு வேலையும் அப்படித்தான் வரும். யார் கேட்டது, என்ன செய்ய வேண்டும், யார் செய்வது என்று எழுதியிருக்கும். செய்து முடித்தவன் அதை மூட வேண்டும். பொம்மை சூடு வாங்கும்போது இணைப்பில் உள்ள ஒலி கேட்க வேண்டும் என்று இருந்தது. இணைப்பைத் திறந்தேன். நீங்கள். ராத்தா, எனக்கு உடனே தெரிந்தது. தெரிந்துகொண்டே செய்தேன். அரை மணித்தியாலம்கூடப் போகவில்லை. ஒரே மாதிரிக் கேட்டால் அலுத்துவிடும் என்று ஒவ்வொரு சூட்டுக்கும் குரலின் உயரம் சற்று மாறுகிற மாதிரியும் எழுதினேன். அதை யாரும் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே டிக்கெட்டை மூடினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் வந்தபின் லீட் அதைப் பெரிய திரையில் போட்டான். பொம்மையின் தலையில் யாரோ முக்காடும் போட்டிருந்தார்கள். சுட்டுச் சுட்டுச் சிரித்தார்கள். நீங்கள் ஸ்டோர் அறையில் தொழுதுவிட்டு வந்து வாசலில் நின்றீர்கள்.

"இத ஆரு செஞ்ச?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லீட்தான் வாய் திறந்தான். பகிடி விளங்காதவர்கள் கேம் வேலைக்கு வரக்கூடாது என்றான்.

நீங்கள் முறைப்பாடு எழுதினீர்கள். பொஸ் விசாரணை வைத்தார். நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம் என்று தொடங்கினார். அந்த மனிதர் குடும்பம் என்று சொன்னால் அதன்பின் யாரோ ஒருவர் வாயை மூட வேண்டியிருக்கும். என்னிடம் கேட்டார். நான் சொன்னேன்: "டிக்கெட் வந்த, செஞ்ச சேர். ஆர்ர குரல் எண்டு எனக்குத் தெரியா." அவ்வளவுதான். வேண்டுமென்று செய்ததற்குச் சாட்சி இல்லை என்று முடித்துவிட்டார்கள். சத்தத்தை எடுத்துவிட்டதாக உங்களுக்கு ஒரு கடிதம், எனக்கு வேறு பிரிவு. லீட்டுக்குப் பதவி உயர்வு.

பைக் விடுகிற இடத்தில் என்னை மறித்தீர்கள். "உனக்குத் தெரியாதா தம்பி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டீர்கள். அந்த மாதமே விலகினீர்கள். அதன்பின் உங்களை நான் கண்டது ஜனாஸா அன்று, தோளில் தூக்கிப்போன சந்தூக்கில். உங்கள் கூடப் பிறந்த நானா என் கையைப் பிடித்து, கூட வேலை செய்த பிள்ளையா என்று கேட்டார். ஓம் என்றேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய அன்று பின்னேரமே அந்தப் பழைய டிக்கெட்டைத் தேடித் திறந்தேன். மூடிய டிக்கெட்டை மறுபடி திறந்தால், ஏன் என்று காரணம் எழுத வேண்டும். எழுதியது குழு முழுக்க, கேமை வெளியிடும் வெளிநாட்டுக்காரர் உட்பட, எல்லோருக்கும் மெயிலாகப் போகும். எழுதினேன். யாருடைய குரல், எப்படி எடுத்தது, யார் தந்தது, தெரிந்தே செய்தேன் என்பது, விசாரணையில் பொய் சொன்னேன் என்பது.

மறுநாள் பொஸ் கூப்பிட்டார்.

"ஊட்டுக்குள்ள ஈக்கிறத வெளியில போடுறியா நீ?"

"ஓம் சேர்."

அன்றோடு வேலை போனது. நான்கு நாளில் அப்டேட் வந்தது. பொம்மை இப்போது மரக்கட்டை உடைகிற சத்தம் போடுகிறது. அப்டேட்டுக்குக் கீழே "சிறு திருத்தங்கள்" என்று ஒரு வரி. உங்கள் அலறலுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. பட்டியலில் உங்கள் பெயர் இன்னும் இல்லை. லீட் இன்னும் அதே கதிரையில் இருக்கிறான்.

பிறகு உங்கள் வீட்டுக்குப் போனேன். நானா லொறிக்குக் கீழே படுத்து ஏதோ முறுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"ஜனாஸாவுக்கு வந்த உன்ட கையப் புடிச்சி நான் கேட்ட எலவா. அப்ப சொல்ல ஏலாமப் போச்சா?"

 போ என்றார். போனேன்.

பத்து நாள் கழித்து அவரே போன் எடுத்தார். உங்கள் கடிதங்களை எல்லாம் தேடி எடுத்திருக்கிறாராம். தொழில் திணைக்களத்தில் கொடுக்கப் போகிறாராம். பெயரைப் போட வேண்டும், லீட்டை விசாரிக்க வேண்டும். என் வாக்குமூலத்தை எழுதி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். லொறியின் முன் சீட்டில் இருந்து, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். ஒரு இடத்தில் நிறுத்திப் பேனை கேட்டார். "மேலதிகாரியின் அறிவுறுத்தலின்படி அந்த ஒலியை நான் சேர்த்தேன்" என்று எழுதியிருந்தேன். முதல் இரண்டு சொல்லையும் அடித்தார்.

"அவன்ட கதைய அவன் சொல்லட்டும். நீ உன்டத எழுது."

திரும்ப எழுதவா என்று கேட்டேன். வேண்டாம், இப்படியே கொடு என்றார். அதே தாளில்தான் கையெழுத்து வைத்தேன். திங்கட்கிழமை அவரும் நானும் அதை எடுத்துக்கொண்டு போகிறோம். அதுவரை அது என் பையில் இருக்கிறது, ராத்தா. அடித்த கோடு நன்றாகத் தெரிகிறது.