பெட்டிக்குள் கிடந்த எமன் மீசை

ஏலே,

அம்பாசமுத்திரத்துக் கல்யாணத்துக்கு மைக் செட் கொண்டுபோவதற்காகப் போன வாரம் வாப்பா காலத்து ஆம்ப்ளிஃபையர் பெட்டியைத் திறந்தேன். வயர்ச் சுருளை வெளியே இழுத்ததும் கறுப்பாக ஏதோ ஒன்று என் கைமேல் வந்து விழுந்தது. எலி என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடைக்காரர் கையில் கிளாசோடு ஓடிவந்துவிட்டார். எலி இல்லை. உன் மீசை. எமதர்ம வேஷத்துக்கு நீ ஒட்டுவாயே, இரண்டு நுனியும் மேலே சுருண்டு நிற்கும், அதுதான்.

மூக்கருகே கொண்டுபோனேன். ஸ்பிரிட்டும் பிசினும் கலந்த அந்த வாடை கொஞ்சமும் போகவில்லை. "என்ன பாய், மயிரப் போயி மோந்து பாக்கீரு?" என்றார் டீக்கடைக்காரர். "ஒம்ம வேலையப் பாரும் வே" என்று விரட்டிவிட்டேன். அவர் போனதும் வயர்ச் சுருள்மேலேயே உட்கார்ந்து அழுதேன். நீ போன அன்றைக்கு வராத அழுகை அது. அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

கோபம் வராமல் என்ன செய்யும்? டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே போனவன் நீ. மறுநாள் காலையில் போனைத் திறந்தால், 'நெல்லை எமன் வெட்டிச் சாய்ப்பா? பின்னணி என்ன?' என்று உன் மேடைப் பெயரைப் போட்டு ஒருத்தன் பேசிக்கொண்டிருக்கிறான். உன் பாட்டு ரசிகர்கள் அதற்கும் மேலே. வண்ணாரப்பேட்டை பாலத்துச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். கரி பூசிய முகம், இந்த மீசை, தோளில் அருவாள். 'எமனுக்கே எமனா?' என்று பெரிய எழுத்தில். பாவம், அவர்கள் உருகித்தான் ஒட்டினார்கள். ஆனால் உன் அம்மாவைப் பஸ்ஸில் கூட்டிவரும்போது அந்தப் பாலத்தைத் தாண்டித்தானே வரவேண்டும்? அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அருவாளாம். அதை வெள்ளி பேப்பர் சுற்றி அட்டையில் செய்துகொடுத்தவனே நான்தான். சங்கரன்கோவில் ரோட்டுக் கச்சேரியில் மழை பெய்து அது அப்பளம்போல மடங்கிப்போனது உனக்கு நினைவிருக்குமே! மடங்கின அருவாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மிச்சப் பாட்டு முழுக்க ஒரே பக்கமாக நின்று பாடினாய். "எமனுக்கு ஏதுலே அருவா? பாசக்கயிறுல்லா?" என்று நான் முதலிலேயே கேட்டேன். "திருநெல்வேலின்னா அருவா வேணுமாம் பாய். பாட்டுக் கம்பெனிக்காரன் சொல்லுதான்" என்றாய். அந்த அருவாள்காரன்தான் என் விரலில் வயர் கிழித்து ரத்தம் வந்தபோது தலைசுற்றி உட்கார்ந்தவன். மேலப்பாளையத்தில் எங்கள் தெரு நாயைத் தாண்ட என்னைத் துணைக்குக் கூப்பிட்டவன்.

எல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். சொன்னால் எனக்கு ஆறுகிறது, கேட்டுக்கொள்.

நீ என் மைக் செட், பந்தல் கடையின் லோடு ஆட்டோவை ஓட்டிக்கொண்டிருந்தாய். சின்ன வயதில் உனக்கு வலிப்பு வந்ததற்காக உன் அம்மா குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அதனால் வருஷா வருஷம் தசராவுக்குக் காப்புக் கட்டி, விரதமிருந்து, எமன் வேஷம் போட்டு, திசையன்விளைக் குழுவோடு வீடு வீடாகக் காணிக்கை எடுப்பாய். அந்தக் குழுவுக்கு மைக் செட் நம்முடையது. ஒரு நாள் பஜாரில் மேளக்காரர்கள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மைக்கைப் பிடுங்கினாய். "எமன் வந்திருக்கேன், எடத்தக் காலி பண்ணு" என்று தொடங்கி, அங்கே நின்ற ஒவ்வொரு கடை அண்ணாச்சியையும் வம்புக்கு இழுத்து, மூச்சு விடாமல் அடுக்கினாய். சிரிக்காத ஆள் இல்லை. யாரோ அதைப் போனில் எடுத்துப் போட்டான். அடுத்த வாரம் தமிழ்நாடே பார்த்தது.

சென்னையிலிருந்து பாட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு நீ வேண்டாம், அந்தக் கரியும் மீசையும் வேண்டும். இன்னும் கொஞ்சம் முறைப்பு, இன்னும் கொஞ்சம் கெட்ட வார்த்தை. உனக்குப் பாடினால் போதும் என்று இருந்தது, ஒத்துக்கொண்டாய். உன் அம்மாவுக்குத்தான் ஆறவே இல்லை. சூரசம்ஹாரம் முடிந்து காப்பை அவிழ்த்தால் கடலில் குளித்து வேஷத்தைக் கலைத்துவிட வேண்டும், அடுத்த தசரா வரைக்கும் அதைத் தொடக்கூடாது என்பது உங்கள் வீட்டுக் கட்டு. நீயோ தை மாசமும் எமன், சித்திரையிலும் எமன். "அம்மாளுக்கு நேந்த வேசம் எய்யா. அதப் போயி கலைக்காம ஊரு சுத்துதானே, நீயாவது சொல்லப்பிடாதா?" என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

உன்னிடம் சொன்னேன். மத்தியானம் குடோனுக்கு வந்து ஷட்டரை இறக்கச் சொன்னாய்.

அந்த மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது. பந்தல் துணி மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கி, எதிரொலி வராமல் நடுவில் ஒரு பொந்து செய்து உன்னை உட்காரவைப்பேன். சத்தம் கேட்கும் என்று காற்றாடியை நிறுத்திவிடுவேன். நீ முகத்தை நன்றாகக் கழுவிவிட்டு வந்து, ஒரு துண்டோடு உட்கார்ந்து பாடுவாய். "மீச இருந்தா மேல் ஒதடு இழுக்கு பாய். சொல்லு முழுசா வெளிய வர மாட்டேங்கு" என்பாய். அன்றைக்கு அதைச் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

ஒரு சொல்லுக்காக நீ அலைந்த அலைச்சல் இருக்கிறதே! லோடு ஏற்றிக்கொண்டு போகிற வழியில் ஆட்டோவை ஓரங்கட்டிப் போன் போடுவாய். "பாய், 'கண்ண மூடி'ன்னு வச்சமே, அது வேண்டாம். 'இருட்டுல'ன்னு மாத்திரும். கண்ண மூடுனா வெளையாட்டு மாதிரில்லா இருக்கு? கரண்டு போனாத்தான் நெசமா இருக்கும்." அங்கே கல்யாண வீட்டில் நாற்காலி வரவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். நீ இங்கே கரண்டை நிறுத்திக்கொண்டிருப்பாய். ஆனால் நீ மாற்றியதைக் கேட்டால் திட்ட வாய் வராது.

உன் அம்மாவின் விரல் பாட்டு அப்படித்தான் வந்தது. பீடி சுற்றிச் சுற்றி அவளுக்கு விரல் ரேகை தேய்ந்து, ரேஷன் கடையில் கைநாட்டு மிஷின் எடுக்காமல் திருப்பி அனுப்பிவிட்ட அன்று எழுதினாய்.

எங்கம்மா வெரல் நுனியில ரேகை கெடையாது,
ரேசன் கடை மிசினு அவள ஆளுன்னு நம்பாது.
பீடி சுத்தித் தேஞ்ச வெரலு, கேட்டுக்கோ மிசினே,
இருட்டுல எந்தலையத் தொட்டா ஆளு தப்பாது.

இதைக் கம்பெனிக்கு அனுப்பினோம். "செம்மயா இருக்கு ப்ரோ, ஆனா இதுல எமன் எங்க?" என்று கேட்டுவிட்டார்கள். நான் கெட்ட வார்த்தையில் திட்டினேன். நீ சிரித்தாய். "எமன் பீடி சுத்த மாட்டாம்லா பாய், அவன் சொல்லுததும் நெசந்தான்" என்றாய்.

அம்மாவுக்காவது போட்டுக் காட்டுவோம் என்றேன். அப்போதுதான் என்னிடம் ஒரு சத்தியம் வாங்கினாய். "வேண்டாம் வே. கை ரேகை போனத ஊரு பூரா பாடிட்டானேன்னு வெக்கப்படுவா. என்னத் தெரியாத நாலு பேரு மொதல்ல கேக்கட்டும். நல்லாருக்குன்னு அவங்க வாயால சொல்லட்டும். பெறவு அவ கேக்கட்டும்."

உன்னைத் தெரியாத நாலு பேருக்கு நான் எங்கே போவேன்? உன் மேடைப் பெயரைப் போட்டால் எமன் வந்து நின்றுகொள்வான். போடாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்த யோசனையிலேயே நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். அதற்குப் பிறகு அந்தப் பாட்டைத் திறந்து கேட்க எனக்குத் தெம்பில்லை. உன் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் ஒன்றைத்தான் சொல்லுவாள். "வேசத்தோடயே போயிட்டானே எய்யா. கலைக்காமலே போயிட்டானே." நான் தரையைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு வருவேன்.

இந்த மீசை கையில் விழுந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஏலே, மைக் செட்டை வைத்துக்கொண்டு ஒரு பாட்டைக் கேட்கவைக்க ஆள் தேடுகிறேனே, எனக்கு என்ன மண்டை? ஸ்பீக்கர் குழாயில் வருகிற பாட்டுக்கு முகம் ஏது, மீசை ஏது?

கல்யாணத்தன்று காலையில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமான பக்திப் பாட்டு முடிந்ததும் பென் டிரைவில் உன் பாட்டைப் போட்டேன். பாதிப் பாட்டில் பெண் வீட்டு அண்ணாச்சி சாம்பார் வாளியோடு வந்தார். "கல்யாண வீட்டுல என்னவே, ரேசன் கடைப் பாட்டு?" என்றார். நிறுத்தப்போனேன். அதற்குள் பின்பக்கம் காய் நறுக்கிக்கொண்டிருந்த பொம்பிளைகளில் ஒருத்தி எழுந்து வந்துவிட்டாள். "நிப்பாட்டாதீரும். எனக்கும் போன மாசம் இப்பிடித்தான் மிசின் எடுக்கல. இன்னொருக்கப் போடும்" என்றாள். கையைத் துடைத்துவிட்டுத் தன் விரல் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு தடவை போட்டேன். அண்ணாச்சி வாளியைக் கீழே வைக்காமலே முழுப் பாட்டும் கேட்டுவிட்டு, "எங்கக்கா கையும் இதே கததான்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

அப்புறம் வந்தான் பார், மாப்பிள்ளையின் சேக்காளி ஒருத்தன். உன் ரசிகன். பனியனில் நெஞ்சு நிறைய உன் மூஞ்சி, கரியும் மீசையுமாக. "பாய், யாரு பாட்டு இது? எழுதுனவன் பெரிய கைகாரனா இருப்பாம் போல. நம்ம எமன்லாம் இவங்கிட்ட நிக்க முடியாது, பாத்துக்கிடும்" என்கிறான். யா அல்லா! நான் அவன் நெஞ்சையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் பெட்டிமேல் கவிழ்ந்துவிட்டேன். அவன் பேந்தப் பேந்த விழிக்கிறான். உன் அம்மா உனக்கு வைத்த பெயரைச் சொன்னேன். "கேள்விப்பட்டதே இல்லியே" என்றான். அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

பாத்திரம் கழுவக்கூட நேரம் கொடுக்காமல் ஆட்களை அவசரப்படுத்தி லோடு ஏற்றினேன். நேரே சேரன்மாதேவிக்கு விட்டேன் வண்டியை. உன் அம்மா மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பாட்டுக் கொண்டுவந்திருக்கிறேன் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "எமன் பாட்டுன்னா வேண்டாம் எய்யா, எனக்குக் கேக்கத் தெம்பு இல்ல." "இது அவன் பாட்டு பெரியம்மா, எமன் பாட்டு இல்ல" என்றேன். ஆட்டோவில் இருந்த பாக்ஸை வாசல் பக்கம் திருப்பி, சத்தத்தைக் குறைத்துப் பைய வைத்தேன்.

அவள் கை நின்றது. பாட்டு முடியும் வரை சுளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ பயந்தது மாதிரி ஆகிவிட்டதோ, கூசிப்போய்விட்டாளோ என்று நினைத்தேன். "நெறைய பேரு கேட்டாவ பெரியம்மா, நல்லாருக்குன்னு சொன்னாவ" என்று உளறினேன். அவள் மெல்ல வாயைத் திறந்தாள். "அந்த மூதி மிசினு..." என்றாள். பிறகு சிரித்தாள் ஏலே. பொக்கை தெரிய, கண்ணில் தண்ணீர் வழிய, உன்னை மாதிரியே தோள் குலுங்கச் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "இதப் பாடும்போது மீச ஒட்டியிருந்தானா?"

"இல்ல பெரியம்மா. மொகத்தக் கழுவிட்டுத்தான் பாடுவான். மீச இருந்தா சொல்லு வெளிய வராதுன்னு சொல்லுவான்."

"அப்பம் எம்பிள்ள வேசத்தக் கலைச்சுட்டுத்தான் போயிருக்கான்" என்றாள். ஒரு மூச்சு விட்டாள் பார், அது உன் காரியம் முடிந்த அன்றிலிருந்து அவள் அடக்கிவைத்திருந்த மூச்சு. எனக்கும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அங்கேயே இறங்கிவிட்டது. பையிலிருந்து மீசையை எடுத்துக் கொடுத்தேன். அருவருப்பில்லாமல் வாங்கித் தடவிப் பார்த்தாள். "வார தசராவுக்குக் கொலசைக்குப் போவோம் எய்யா. கடல்ல போட்டுட்டு ஒரு முங்கு போட்டுட்டு வருவோம்" என்றாள். வருகிறேன் என்று சொல்லி மீசையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதுவரை அது என் மேசைமேல்தான் கிடக்கும், டீக்கடைக்காரர் என்ன கேலி பேசினாலும் சரி.

கிளம்பும்போது கூப்பிட்டாள். "இங்கன வா, கொஞ்சம் குனி." குனிந்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு என் தலையில் கை வைத்தாள். ரேகை இல்லாத விரல்கள், பளிங்கு மாதிரி வழுவழுவென்று, நெற்றியிலிருந்து பிடரி வரை மெதுவாகப் போயின.

"இது அவன் தலை இல்ல" என்றாள். "ஒனக்கு மண்டை பெருசு எய்யா."

நீ எழுதினது சரிதான் ஏலே. அந்த விரலுக்கு ஆள் தப்பவில்லை. உனக்கு உள்ள அந்தத் தடவலை என் தலையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் எண்ணெய் வைக்க மனசு வராமல் அப்படியே கடையைத் திறந்திருக்கிறேன்.