பனித்தளத்தில் ஒரு வரிசை

ஆகஸ்ட் 28

நிதியுதவிக் கடிதத்தில் 'வளாக வேலை' என்று ஒரு வரி இருந்தது. வேலையையே கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நேராக அலுவலகத்துக்குப் போய், "என் வேலை எங்கே?" என்று கேட்டேன்.

கவுண்டரில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "வருஷா வருஷம் பத்துப் பேராவது இப்படி வர்றாங்கம்மா. இது வேலை இல்ல, வேலை தேடிக்க அனுமதி. செப்டம்பர் முப்பதுக்குள்ள ஒண்ணு பிடிச்சிடு. இல்லன்னா உன் இடம் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

அந்த இடம் போனால் விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லை. ஜனவரியில் வீடு. வீடு என்றால் மினசோட்டாவின் மேற்கு ஓரம், கண்ணுக்கெட்டியவரை சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்.

செப்டம்பர் 3

நூலகம். அது ஒன்றுதான் எனக்கு வேலையாகவே தெரிகிறது. விண்ணப்பத்தில் 'திறன்கள்' என்று ஒரு கட்டம். பிரெஞ்சு. பிழைதிருத்தம். மௌனம் என்றும் எழுதலாமா? எழுதவில்லை.

செப்டம்பர் 10

இரண்டு இடத்துக்கு அறுபத்துமூன்று பேர். நான் மீதி அறுபத்தோரு பேரில் ஒருத்தி.

செப்டம்பர் 18

உணவுக்கூடம் — ஆள் எடுத்தாயிற்று. அருங்காட்சியகம் — பதிலே இல்லை. சலவை அறைச் சுவரில் ஒரு தாள் மட்டும் மூன்று வாரமாகத் தொங்குகிறது: ஐஸ் ஸ்கேட்டிங் தளம், காலை ஐந்து மணி, பெரிய வண்டி ஓட்டிப் பழக்கம் இருந்தால் நல்லது.

துணி காயும்வரை அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

செப்டம்பர் 24

அம்மாவின் பொட்டலம். உருளைக்கிழங்கு ரொட்டி, கம்பளிக் காலுறை, ஒரு புகைப்படம். டிராக்டர் மேல் நான். பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து: 'மாரிட், பன்னிரண்டு வயது. வரிசை நேர்.'

அறைத்தோழி ஹோதன் பறித்துப் பார்த்தாள். மினியாபொலிஸ்காரி, மெல்லப் பேசத் தெரியாதவள்.

"அடிப்பாவி! இத ஓட்டுவியா நீ?"

"எட்டு வருஷமா."

"அப்போ அந்தச் சலவை ரூம் வேலை?"

"அதுலேர்ந்து இறங்கத்தான்டி காலேஜுக்கே வந்தேன்."

"இறங்கிட்டே, சரி. இப்போ பஸ்ல ஏத்தி ஊருக்கே அனுப்பிடுவாங்க. பரவால்லயா, தத்துவ மேதை?"

சிரிப்பு வந்தது. அழுகையும். கோபம் அவள்மேலா, படத்தின்மேலா?

செப்டம்பர் 29

போனேன். தளத்தின் பொறுப்பாளர் டார்லா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கடைசியா என்ன ஓட்டுன?"

"பீட் அறுவடைக்கு டிராக்டருங்க."

"விண்ணப்பத்துல போடலயே?"

"திறமைன்னு தோணலங்க."

"ஏறு."

தளத்தை வழவழப்பாக்கும் அந்த வண்டி பழைய பனியைச் சீவிக்கொண்டே பின்னால் வெந்நீர் விடுகிறது. அது உறைந்து புதுப் பனியாகிறது. ஒரு சுற்றின் ஓரம் முந்தையதன் மேல் கையளவு ஏற வேண்டும். இல்லையென்றால் நடுவே மங்கலாக ஒரு கோடு நின்றுவிடும். வயலில் வரிசை பிடிப்பதுதான். என் கைகளுக்குத் தெரிந்திருக்கிறது. நான்தான் அவற்றைக் கேட்கவே இல்லை.

டார்லா தொலியைத் துப்பினார். "நாளைக்கு அஞ்சு மணி. கையுறை நீயே கொண்டு வந்துடு."

படிவத்தில் கையெழுத்து. ஒரு நாள் மிச்சம்!

அக்டோபர் 8

ஐந்து மணி. யாருமில்லை. பின்னால் நீராவி எழுந்து அடங்குகிறது. திரும்பிப் பார்த்தால் ஈரமாக மின்னும் வெள்ளை. இந்தச் சந்தோஷம் இத்தனை நாள் எங்கே இருந்தது?

அக்டோபர் 24

முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம். இடைவேளையில் நான். நாலாயிரம் பேர். ஓரமாக ஒரு பட்டை விட்டுப்போய்விட்டது.

"மாரிட்! அங்க ஒரு கோட்ட விட்டுட்டடீ!" — வேறு யார், ஹோதன்தான்.

அரங்கமே பிடித்துக்கொண்டது. "கோடு! கோடு!" திரும்பினேன். அழித்தேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிற கைதட்டல். கோல் போட்டவனுக்குக்கூட அவ்வளவு இல்லை. எழுந்து நின்று கையாட்டினேன் — நானா? நானேதான்.

டிசம்பர் 9

நூலகத்திலிருந்து மின்னஞ்சல்: ஜனவரியில் ஓரிடம் காலி. ஒரு வேலைதான் வைத்துக்கொள்ளலாம். இரண்டு முறை படித்தேன். 'நன்றி. எனக்கு வேலை இருக்கிறது' என்று எழுதி அனுப்பினேன்.

பிறகு, காலையில் தளத்தை மேலிருந்து எடுத்த படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். இத்தனை நாளில் முதல் தடவை.

மத்தியானம் பதில்: "மூணாவது வரிசை லேசா வளைஞ்சிருக்கு."

பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம், வளைந்துதான் இருக்கிறது.