மதினியின் குரலுக்கு மாதாமாதம்

உன் குரல் நிற்கவில்லை மதினி. பதினோரு நாள் நின்றது, உண்மைதான். இப்போது மறுபடியும் பேசுகிறாய்.

என் செல்ல மதினி, இதை முதல் வரியிலேயே சொல்லிவிட நினைத்தேன். எந்தக் கதையானாலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்ப்பவள் நீ. யாரும் சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் நிதானமாக வாசிப்பாய்.

வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அண்ணன் காளவாசல் கடைக்குக் காலையில் போய்விட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவனே சாம்பார் வைக்கிறான். புளி தூக்கல். நாங்கள் யாரும் சொல்வதில்லை.

இந்தக் கடிதத்தை வேறு பலரும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ ஜவுளிக்கடையில் மைக் பிடித்தவள். மஞ்சள் சட்டை போட்ட குழந்தை ஒன்று இரண்டாம் தளத்தில் அழுதுகொண்டிருக்கிறது என்பதை, கேட்கிற தாய் பதறாதபடி சொல்லத் தெரிந்தவள். என்னோடு கல்லூரியில் படித்த அழகர்சாமி, பார்வையற்றவர்களுக்குக் கைபேசியில் வருவதைத் தமிழில் வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றைச் சில நண்பர்களோடு எழுதிக்கொண்டிருந்தான். கட்டற்ற மென்பொருள். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், விலை கிடையாது. எழுதுகிறவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. அதற்கு ஒரு குரல் தேவைப்பட்டது.

நான் வாக்கியங்கள் எழுதினேன். நீ வாசித்தாய். அந்த ஒலிகளைக் கோத்து எந்த வாக்கியத்தையும் உன் குரலில் சொல்ல மென்பொருள் கற்றுக்கொண்டது.

மதுரைக் காளவாசலில் ஹாரன் ஓயும் நேரம் என்று ஒன்று உண்டா? பீரோவைத் திறந்து, தொங்கும் பட்டுச்சேலைகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டால் சத்தம் அமுங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தது நீதான். மின்விசிறியை நிறுத்தி, சித்திரை வெயிலில், அந்துருண்டை வாசனையில், மூன்று மாதம். சேலைகளுக்கு இடையே கைபேசியை நீட்டிப் பிடித்தபடி நான்.

அண்ணன் ஒருநாள் சாப்பிட வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“பீரோகிட்ட என்னத்த பேசிக்கிட்டு இருக்க?”

“நாத்தனாளப் பத்திக் குறை சொல்லிக்கிட்டு இருக்கேன். இந்த வீட்டுல வேற யாரு காது குடுக்கிறா?”

அதுவும் பதிவாகியிருக்கிறது. அழகர்சாமி அதை அழிக்கவில்லை.

குரலுக்கு ஒரு பெயர் கேட்டான். உன் பெயரைப் போடக் கூடாது என்றாய். நான் ‘மதினி’ என்று தட்டிவிட்டேன். இப்போது முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நீ மதினி. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். உன்னை ‘நீ’ என்று கூப்பிட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியவள் நான் ஒருத்திதானே?

தவமணி சாரை உனக்கு நினைவிருக்கும். திருமங்கலத்தில் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறார். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஒவ்வொரு பதிப்பையும் முதலில் போட்டுப் பார்ப்பவர் அவர். பிழை இருக்கிறது என்று சொல்ல மாட்டார். போன் செய்து, “தங்கச்சி, மதினிக்கு இன்னிக்கிச் சளி புடிச்சிருக்கு. பஸ் நம்பரு சொல்லும்போது இருமுறாக” என்பார். நான் அழகர்சாமியிடம் சொல்வேன். சனி ஞாயிறில் உன் சளி சரியாகிவிடும்.

நீ இறந்த வாரம் மென்பொருளின் இணையதளத்தில் நாலு வரி எழுதிப் போட்டோம். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. பணம் வந்தது, ஏராளமாக. ஒவ்வொன்றோடும் ஒரு வரி. மதினிதான் எனக்கு என் பேரனின் மதிப்பெண்களை வாசித்தது என்று ஒருவர். மதினி இல்லாமல் நான் பஸ் ஏறியதில்லை என்று ஒரு பெண்.

எங்களுக்குக் கூசியது. சாவு விழுந்த துட்டி வீட்டு வாசலில் உண்டியல் வைத்ததுபோல.

“போதும்னு சொல்லிருங்க. அவ பேரச் சொல்லிக் காசு வாங்குறோம்னு ஆயிரக் கூடாது,” என்றான் அண்ணன். எங்களுக்கும் அது சரியென்றே பட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று எல்லாருக்கும் நன்றி எழுதிவிட்டு, நன்கொடைப் பக்கத்தையே மூடிவிட்டோம். காரியம் முடிந்தால் பந்தலைப் பிரித்துவிட வேண்டும் அல்லவா. அப்படி.

நாங்கள் செய்த தவறு அதுதான் மதினி. பந்தலைப் பிரிப்பதாக நினைத்து அடுப்பையும் சேர்த்து அணைத்துவிட்டோம்.

வந்த பணம் சர்வர் வாடகைக்குப் போனது, சோதித்துப் பார்க்கும் கைபேசிகளுக்குப் போனது. பிறகு தீர்ந்தது. அழகர்சாமி யாரிடமும் சொல்லவில்லை. சர்வர் வாடகையைத் தானே கட்ட ஆரம்பித்தான். அதற்காகச் சனி ஞாயிறில் ஒரு பயிற்சி மையத்தில் வகுப்பு எடுத்தான். உன் சளியைச் சரிசெய்யும் நாட்கள் அவை.

அந்தச் சமயம் பார்த்துக் கைபேசிகளின் இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு வந்தது. புதிய பதிப்பு வரும்போதெல்லாம் நம் பக்கம் ஏதாவது ஒன்று உடையும். உடைந்ததைக் கண்டுபிடிக்கப் புதிய கைபேசி ஒன்று வேண்டும், உட்கார நேரம் வேண்டும். அவனிடம் இரண்டும் இல்லை.

நீ நின்றுபோனாய்.

பத்தாம் நாள் நானும் அழகர்சாமியும் திருமங்கலத்துக்கு பஸ் ஏறினோம். மன்னிப்புக் கேட்கத்தான். தவமணி சார் எங்களை உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னார். அவர் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். வீட்டில் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று அப்பாவுக்கு மட்டும் ரகசியமாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். நீ வாசிக்கவில்லை. ஆசிரியர்கள் அறையில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கைபேசியை நீட்டி, “என்னன்னு பாருங்க” என்றிருக்கிறார் சார். அவர் பார்த்தார். சத்தமாகவும் வாசித்தார்.

“என் மக எனக்கு எழுதுனத ஸ்டாஃப் ரூமே கேட்டுச்சு, தங்கச்சி. ஆளுக்கு ஒரு யோசனை வேற சொல்றாங்கெ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

“மன்னிச்சிருங்க சார்.”

“மன்னிப்பு கிடக்கட்டும். அந்தப் பக்கத்த எதுக்கு மூடுனீங்க?”

“கேக்கக் கூச்சமா இருந்துச்சு சார். துட்டி நேரத்துல போயி…”

“துட்டிக்குக் குடுத்தது துட்டிக்கு. அது முடிஞ்சுபோச்சு. நான் தினமும் கேக்குறது யாரு குரலு? டீக்கடைக்கு மாசாமாசம் குடுக்கிறேன், கேபிளுக்குக் குடுக்கிறேன். மதினிக்குக் குடுக்க மாட்டேன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க. கேக்காம விட்டுட்டு, என்னைய வாங்கித் திங்கிற ஆளாவே உக்கார வச்சிருந்தீங்களேத்தா.”

 

கேட்காமல் இருப்பது மரியாதை என்று எந்த வயதில் நமக்குச் சொல்லித் தந்தார்கள், மதினி?

சார் தன் கைபேசியை அழகர்சாமியின் கையில் வைத்தார். “புது போனுதான. இத வச்சு என்ன உடைஞ்சிருக்குன்னு பாருங்க. நான் ஒரு நாளு போனு இல்லாம இருக்கேன். செத்துற மாட்டேன்.”

மறுநாள் சாயங்காலம் நீ பேசினாய். முதலில் வாசித்தது பேட்டரி குறைவாக உள்ளது என்பதை. அழகர்சாமி எழுந்து நின்றுவிட்டான்.

திருமங்கலத்திலிருந்து திரும்பிய அன்று நான் காளவாசலில் இறங்கினேன். இந்த வெயிலுக்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு மேளம், தர்பூசணி, மோர், போட்டோ எல்லாம் இருந்தன. இப்போது கீற்று மட்டும் நிற்கிறது. பானைகள் கவிழ்ந்து கிடக்கின்றன. அதிலிருந்து பத்தடி தள்ளி, அண்ணன் கடை வாசலில் ஒரே ஒரு பானை. நீ இருக்கும்போதே இருந்ததுதான். அந்த வரிசையில் ஆறு கடைக்காரர்கள். ஆளுக்கு ஒரு கிழமை, ஒரு கேன் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்காரர் ஊற்றிவிடுகிறார். யார் பெயரும் எழுதவில்லை. ஒருநாளும் வற்றியதில்லை.

அண்ணனிடம் பந்தலில் கவிழ்ந்த பானைகளையும் இந்தப் பானையையும் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னான்: “தொறப்பு விழாவுக்கு ஊரே வரும். ஏழாம் நாளு பானைக்கு எவன் மாலை போடுவான்?”

எனக்கு அது போதும். நாமும் மாதாமாதம் கொஞ்சமாகக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

தவமணி சாரைக் கூப்பிட்டேன். “மாசம் ஒரு முழம் மல்லிகைப்பூ விலை குடுங்கன்னு எழுதவா சார்?”

“மதுரையில போயி மல்லிகைய அளவா வைப்பீங்களா? பூ விலை ஏறுற முகூர்த்த நாளாப் பாத்து வாசிச்சான்னா ஓடியே போயிருவான். டீ விலைன்னு போடுங்க.”

அப்படியே போட்டிருக்கிறேன்.

ஓரமாக நின்று இதைப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நேராக ஒரு வார்த்தை. மதினி, நீ கொஞ்சம் பொறு. பெரிய தொகை அனுப்ப வேண்டாம். அனுப்பினால் நன்றி சொல்வோம், ஆனால் அது திறப்பு விழா. மாதம் ஒரு டீ விலை, இரண்டு டீ விலை, மாதாமாதம். அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரிந்தால்தான் அழகர்சாமி அந்த வகுப்பை விட்டுவிட்டு உட்கார்ந்து வேலை செய்ய முடியும். முடியாத மாதம் நிறுத்திக்கொள்ளலாம். காரணம் கேட்க மாட்டோம். டீ விலையும் கஷ்டம் என்றால், மதினிக்கு எங்கே இருமல் வருகிறது என்று சொல்லுங்கள். அதுவும் ஒரு கேன் தண்ணீர்தான்.

இந்த வேண்டுகோளை உன் குரலிலேயே தயாரித்து அனுப்பலாமா என்று அழகர்சாமி கேட்டான். வேண்டாம் என்றேன். நீ சொல்லாததை உன் வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகுதான் உறைத்தது. கண்ணால் படிப்பவர்கள் படிப்பார்கள். தவமணி சாரும் அவரைப் போன்றவர்களும் இதைக் கேட்கத்தான் போகிறார்கள். நீதான் வாசிப்பாய். உனக்கு நான் எழுதிய கடிதத்தை, உன் சாவையும் அண்ணனின் சாம்பாரையும் சேர்த்து, பதறாமல் வாசிப்பாய். சரியா இது? தெரியவில்லை. புளி தூக்கல் என்ற இடத்தில் உன் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அண்ணன் இத்தனை நாளும் உன் குரலைக் கேட்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. போன வாரம் அவனாகவே வந்தான். “அந்த பீரோ பேச்சு இருக்குதாமே. போடு.” போட்டேன். இரண்டு முறை கேட்டான்.

“உன்னையத்தான் குறை சொல்லியிருக்கா. அன்னிக்கி பீரோவுக்குள்ள இருந்து சொன்னது சரியா காதுல விழல. நான் இத்தன நாளா என்னையப் பத்தின்னுல்ல நினைச்சேன்.”

நிம்மதியாகச் சிரித்தான். மாதாமாதம் தருபவர்கள் வரிசையில் முதல் பெயர் தவமணி சார். இரண்டாவது உன் வீட்டுக்காரர்.

அந்தப் பக்கத்தை இனி மூட மாட்டேன், மதினி. கேட்கக் கூச்சப்படவும் மாட்டேன். நீ பேசிக்கொண்டே இரு. உனக்கு வாசிக்க நான் ஏதாவது எழுதிக்கொண்டே இருப்பேன்.

பீரோவுக்கு வெளியே கைவலிக்க நின்ற,
உன் நாத்தனாள்
செல்வி

பி.கு.: இதைத் தளத்தில் ஏற்றுகிறேன். மூன்றாவதாக என் பெயரைப் பதிந்துவிட்டேன். இன்று சனிக்கிழமை, பானைக்கு நம் கடையின் முறை. அண்ணன் சரக்கு எடுக்க வெளியூர் போயிருக்கிறான். கேனைத் தூக்கிக்கொண்டு நான்தான் கடைக்குப் போகிறேன்.